கதை தேடிய முனிவர்

பொன்விழாக் காணும் நம் பங்கின் பாதுகாவலர் புனித சூசையப்பர். அவர் பெயரைத் தாங்காத வீடு நம் ஊரில் அரிது. ஆயினும் அவரைப் பற்றி ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அரை மணி நேரம் பேசச் சொன்னால் நம் ஆசிரியர்கள் திகைக்கின்றனர். பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை எங்கே கிடைக்கும் என்று நம்மிடம் வந்து கேட்கின்றனர்.

அவர்கள் திகைப்பதில் நியாயம் உண்டு. நான்கு நற்செய்தி நூல்களையும் முதலிலிருந்து முடிவு வரை படித்தாலும் சூசையப்பர் வாய் திறந்து பேசிய ஒரு சொல்கூட அவற்றில் கிடையாது. அவர் நீதிமான் என்கிறார் புனித மத்தேயு. கனவில் வானதூதர் அறிவித்தார், சூசையப்பர் எழுந்தார், சொன்னபடி செய்தார். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது எருசலேம் ஆலயத்தில் அவரைத் தேடிக் கண்டடைந்தார். அதன் பிறகு சூசையப்பர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். அவர் எப்போது இறந்தார், எப்படி இறந்தார் என்பதும் எழுதப்படவில்லை.

இவ்வளவு சிறிய கைம்முதலை வைத்துக்கொண்டு ஒருவர் 3615 பாடல்களால் ஆன பெருங்காவியம் ஒன்றைச் சூசையப்பருக்குப் பாடி முடித்தார். அவர் தமிழர் அல்லர். முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்ற இத்தாலியர். தமிழகம் வீரமாமுனிவர் என்று போற்றும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை இவ்விழா மலரில் சற்று விரிவாக நினைவுகூர விரும்புகிறோம். கிறிஸ்தவக் கதை சொல்பவன் கதையை எங்கே தேட வேண்டும், தேடியதை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த ஆசான் நமக்கு இல்லை.

காஸ்திலியோனே முதல் காவலூர் வரை

இத்தாலி நாட்டில் மாந்துவாப் பகுதியைச் சேர்ந்தது காஸ்திலியோனே என்னும் ஊர். சேசு சபையின் இளம் புனிதரான ஞானப்பிரகாசியார் 1568-ஆம் ஆண்டு பிறந்தது அவ்வூரில்தான். அதே ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி பிறந்தார். சூசையப்பரின் பெயர் அவர் பெயரிலேயே இருந்ததைக் கவனிக்க வேண்டும். அரச குடும்பத்துச் செல்வங்களைத் துறந்து, கொள்ளைநோய் கண்டவர்களுக்குத் தொண்டு செய்து, 23 வயதில் உயிர்நீத்த ஞானப்பிரகாசியாரின் கதையைக் கேட்காமல் அவ்வூரில் ஒரு சிறுவன் வளர்ந்திருக்க முடியாது. கதையால் ஓர் உள்ளம் தீப்பற்றும் என்பதை முனிவர் பிள்ளைப் பருவத்திலேயே உணர்ந்திருப்பார் என்று எண்ணுவது தவறாகாது.

1698-ஆம் ஆண்டு அவர் சேசு சபையில் சேர்ந்தார். இறையியல் கற்றுக் குருப்பட்டம் பெற்றபின், மதுரை மிஷனுக்கு வர விரும்பி, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி 1710-ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு தமிழகத்தில் கால் வைத்தார். தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் தொடங்கிவைத்த மறைப்பணி அது. 1693-இல் ஓரியூர் மணலில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தி உரமிட்ட வயல் அது. அவ்வயலில் புதிய உழவராக வந்தவர் தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். தைரியம் அவருக்குத் தேவையாகவும் இருந்தது. 1714, 1715 ஆண்டுகளில் எழுந்த வேத கலாபனையில் மரண தண்டனையின் விளிம்பு வரை சென்று மீண்டார்.

ஏலாக்குறிச்சி அவருடைய பணித்தளங்களுள் தலையாயது. அடைக்கல மாதாவின் பெயரால் அங்கே ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். விருத்தாசலம் பக்கத்திலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சேலை உடுத்தி நிறுத்தினார். அன்னை அயல்நாட்டவளாகத் தோன்றாமல் நம் வீட்டுத் தாயாகத் தோன்ற வேண்டும் என்று விரும்பியவர், அவளுடைய திருக்குடும்பத்தின் கதையும் நம் வீட்டுக் கதையாக வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை.

சூசையப்பருக்கு ஒரு காவியம்

இந்த எண்ணத்தில் விளைந்ததே தேம்பாவணி. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் இப்பெயருக்குப் பொருள் கொள்வர். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் கொண்ட இந்நூல் 1726-ஆம் ஆண்டு நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் உரோமையில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. திருத்தந்தை 13-ஆம் பெனடிக்ட் புனிதர்களின் மன்றாட்டு மாலையில் சூசையப்பரின் பெயரைச் சேர்த்தார். முனிவரின் ஊரவரான ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டமும் அளித்தார். உரோமையில் மன்றாட்டு மாலையில் ஏறிய பெயர், அதே ஆண்டில் தமிழில் காவியமாகவும் ஏறியது.

முனிவர் இக்காவியத்துக்கு வேண்டிய கதையை எங்கே கண்டார்? முதலாவதாக, விவிலியத்தில். சூசையப்பர் எகிப்துக்குத் தப்பிச் சென்ற செய்தியை மத்தேயு மூன்றே வசனங்களில் சொல்லி முடிக்கிறார். தேம்பாவணியில் அப்பயணம் பல படலங்களாக விரிகிறது. வழிப்பயணத்தின் ஊடே யோசுவாவின் வெற்றியும் கிதியோனின் வெற்றியும் கதைக்குள் கதையாக வருகின்றன. இவ்வாறு சூசையப்பரின் வரலாற்றைக் கேட்க அமர்ந்தவர், பழைய ஏற்பாட்டையும் கேட்டுவிட்டே எழுகிறார்.

இரண்டாவதாக, திருச்சபையின் பக்தி மரபில் கண்டார். ஸ்பெயின் நாட்டில் ஆகிரேதா என்ற ஊரில் மரியா என்னும் துறவறக் கன்னி வாழ்ந்தார். தேவதாயின் வரலாற்றைத் தாம் பெற்ற காட்சிகளின்படி எழுதியதாக அவர் விட்டுச்சென்ற நூல், அவர் மறைவுக்குப் பின் 1670-ஆம் ஆண்டு வெளிவந்தது. நற்செய்தி சொல்லாது விட்ட பல நிகழ்ச்சிகளை முனிவர் அந்நூலிலிருந்தே எடுத்தார்.

மூன்றாவதாக, தமிழில் கண்டார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த அளவுக்கு அதில் தோய்ந்தவர் அவர். நம் பெருங்காவியங்களைக் கசடறக் கற்றவர். ஆகவே அவருடைய காவியம் தமிழ் மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே தொடங்குகிறது. யூதேயா நாட்டில் மேகம் கறுக்கிறது, மழை பொழிகிறது, வெள்ளம் பாய்ந்து வயல் விளைகிறது. காவிரிக்கரை உழவன் கேட்டுத் தலையசைக்கும் நாடாக அது மாறிவிடுகிறது. சூசை என்னும் எபிரேயப் பெயரில் பெருக்கம் என்ற பொருள் இருப்பதால், அவரை வளன் என்று அழைத்தார். திருமுழுக்கு யோவானின் பெயரில் இறைவனின் கருணை இருப்பதால், அவரைக் கருணையன் என்றார்.

பெயர்களில் மட்டும் அவர் தமிழைக் கலக்கவில்லை. சூசையப்பரும் மரியன்னையும் கன்னிமை காத்த கணவன் மனைவியர் என்பது நம் விசுவாசம். இதைத் தமிழனுக்கு எப்படி விளக்குவது? இல்லறம், துறவறம் என அறம் இரண்டு என்று தமிழர் அறிவர். இவ்விரண்டும் ஒரே வீட்டில் கூடிய அற்புதமே நாசரேத்துக் குடும்பம் என்று காட்ட, ஈரறம் பொருத்து படலம் என்று தனிப்படலமே அமைத்தார். நெடிய இறையியல் விளக்கம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு தமிழ்ச் சொற்கள் செய்து முடித்தன.

அழுகைக்கு ஒரு கதை

ஏரோது குழந்தைகளைக் கொன்றான் என்று நற்செய்தி கூறுகிறது. அப்போது எலிசபெத்தம்மாளும் அவர் மகனும் என்ன ஆனார்கள் என்று அது கூறவில்லை. பழைய கிறிஸ்தவ மரபுக் கதைகள் தாயும் மகனும் காட்டுக்குத் தப்பியதாகச் சொல்லும். முனிவர் அதை எடுத்துக்கொண்டார். காட்டில் தாய் இறந்துபோகிறாள். சிறுவன் கருணையன் தனியே நின்று அவளை மண்ணுக்குள் வைக்கிறான். இனித் தனக்கு யாருமில்லையே என்று அவன் கதறும்போது மரங்களும் பறவைகளும் வண்டுகளும் அவனோடு சேர்ந்து அழுவதுபோல் ஒலிக்கின்றன.

இப்பகுதி 2019-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். திருமுழுக்கு யோவானைப் பற்றி ஒன்றும் அறியாத பிள்ளைக்கும் தாயை இழந்த துயரம் புரியும். கிறிஸ்தவக் கதை, மனிதர் அனைவருக்கும் பொதுவான ஒரு வாசல் வழியே உள்ளே நுழைய வேண்டும் என்பதை முனிவர் அறிந்திருந்தார்.

சிரிப்புக்கும் இடம் உண்டு

காவியம் படிக்கப் புலமை வேண்டும். வயலிலும் வாசலிலும் இருப்போர்க்கு என்ன கொடுப்பது? வேதசாட்சியாக மரித்த போர்த்துக்கல் நாட்டுக் கன்னி கித்தேரியம்மாளின் கதையை முனிவர் அம்மானையாகப் பாடினார். பெண்கள் கூடிப் பாடும் மரபில் பிறந்த செய்யுள் வகை அது. கற்றோர் சபைக்குக் காவியம், வீட்டு முற்றத்துக்கு அம்மானை என்று, கேட்போரைப் பார்த்தே பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இவற்றோடு பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு திரியும் அந்த அப்பாவிக் குருவை அறியாதார் யார்? ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்ததும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கியதும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவையே. புதிதாக வரும் மறைப்பணியாளர்கள் மக்களின் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக முனிவர் அதை இலத்தீன் மொழிபெயர்ப்போடு எழுதினார். 1822-ஆம் ஆண்டு பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் பதிப்பித்தார். தமிழ் உரைநடையில் எழுதப்பட்ட நகைச்சுவைக் கதைகளுக்கு அது முன்னோடி.

இதில் மறைக்கல்வி எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆற்றைக் கடந்த சீடர்கள் கரையேறி எண்ணுகிறார்கள். எண்ணுகிற ஒவ்வொருவனும் மற்றவர்களை எண்ணித் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லாரும் அழுகிறார்கள். ஊரார் குறைகளை ஒன்றுவிடாமல் எண்ணித் தன்னை மட்டும் கணக்கில் சேர்க்காத மனிதனுக்கு இதைவிட நல்ல ஆத்தும சோதனை உண்டா? குருவைக் குறித்துச் சிரிக்கும் கதையை ஒரு குருவே எழுதினார் என்பதும், குருக்களாகிய நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

உபதேசியார்மீது கொண்ட அக்கறை

ஒரு குருவானவர் நூற்றுக்கணக்கான ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்த காலம் அது. ஆண்டுக்கொரு முறை அவர் வந்து போவார். மற்ற நாட்களில் விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவர்கள் வேதியர் எனப்பட்ட உபதேசியார்களே. அவர்களுக்காக முனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். உபதேசியார் எப்படி வாழ வேண்டும், எந்த மனத்தோடு பணி செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். சொல்பவனின் நடத்தை சரியில்லாவிட்டால் சொல்லும் கதையும் விளங்காது என்பதை இதன்வழி உணர்த்தினார்.

எழுதியதை மக்கள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு அக்கறை இருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தறிவது சுவடிகளில் கடினமாக இருந்தது. அவற்றுக்கு வேறுபட்ட வடிவம் தந்து, குறிலும் நெடிலும் ஐயமின்றி விளங்கச் செய்தார். இன்று நம் பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு ஏகாரத்திலும் ஓகாரத்திலும் அவர் கைவண்ணம் இருக்கிறது. 1732-ஆம் ஆண்டு சதுரகராதி தந்து அகராதிக் கலைக்கும் வழிகாட்டினார்.

முனிவரைப் பற்றிய கதைகள்

கதை தேடிய முனிவரே பிற்காலத்தில் கதையாகிவிட்டார். அவர் மறைந்து 26 ஆண்டுகளில், 1773-இல், சேசு சபை கலைக்கப்பட்டது. அவர் நூல்கள் ஓலைச் சுவடிகளாகக் கைமாறி வந்தன. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை அவருடைய சுவடிகளைத் தேடித் திரட்டி, 1822-இல் அவர் வரலாற்றைத் தமிழில் எழுதினார். தேம்பாவணி 1850-களில்தான் புதுச்சேரியில் அச்சேறியது. நூறாண்டுக்கு மேல் பெயர் தெரியாத யாரோ சிலர் பனையோலையில் படியெடுத்துக் காத்திராவிட்டால் நமக்கு அக்காவியம் கிடைத்திராது.

அவ்வாறு வழங்கிவந்த வரலாற்றில் சில அணிகலன்களும் சேர்ந்துகொண்டன. மூன்றே மாதத்தில் பாரசீக மொழி கற்றுச் சந்தா சாகிபுவைக் கண்டார், அவருக்குத் திவானாகவும் இருந்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. இதை ஆராய்ந்தோர் பலர் ஐயுறுகின்றனர். 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்று முன்பு எழுதிவந்தனர். அவர் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரள நாட்டு அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் முடிவு. அருளானந்தர் உயிர்நீத்ததும் ஒரு பிப்ரவரி 4-ஆம் நாளில்தான். நடந்தது என்று ஏற்கப்பட்ட செய்தியிலேயே இத்தகைய அழகு இருக்க, இல்லாததைச் சேர்க்க வேண்டிய தேவை என்ன? 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தனர். அச்சிலைக்கு அடிப்படை அவர் செய்த பணியே. அதற்குத் திவான் பதவி துணை நிற்க வேண்டியதில்லை.

நமக்கு விட்டுச்சென்ற கடமை

இங்கே நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஆகிரேதா மரியாவின் நூல் திருச்சபையிலேயே பெரும் விவாதத்துக்கு உள்ளானது. 1681-இல் உரோமை அதற்குத் தடை விதித்தது. சில மாதங்களிலேயே அத்தடை நிறுத்திவைக்கப்பட்டது. இத்தகைய தனிக் காட்சிகளை விசுவாச சத்தியமாக ஏற்கும்படி திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அவை பக்தியை வளர்க்கலாம், நற்செய்திக்கு ஈடாகா.

ஆகவே கதை சொல்லும்போது, இது நற்செய்தியில் உள்ளது, இது முன்னோர் வழிவந்த மரபு, இது கவிஞரின் கற்பனை என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வதால் கதையின் சுவை குறையாது. சொல்லாமல் விட்டால் வரும் தீமையோ பெரிது. கருணையனின் அழுகையை விவிலியம் என்று நம்பி வளர்ந்த பிள்ளை, கல்லூரிக்குப் போய் விவிலியத்தைப் புரட்டிப் பார்த்து அங்கே அதைக் காணாதபோது, கல்வாரியின் அழுகையையும் கதை என்று தள்ளிவிடும். பத்து வயதில் நாம் தரும் அரைகுறைச் செய்திக்கு இருபது வயதில் அப்பிள்ளை தன் விசுவாசத்தை விலையாகக் கொடுக்கிறது. இதை நாம் விளையாட்டாக எண்ணலாகாது.

சரி, கதை எங்கே இருக்கிறது? முனிவர் தேடிய இடங்களிலேயே நாமும் தேடுவோம். முதலில் விவிலியத்தைத் திறப்போம். சூசையப்பர் பேசவில்லை என்பதே பெரிய கதை. சொல்லாமல் செய்து முடிக்கும் தகப்பன்மார் நம் ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்களைக் காட்டினால் சூசையப்பர் புரிவார். அடுத்து, நம் மண்ணில் விளைந்த புனிதர்களையும் வேதசாட்சிகளையும் அறிமுகப்படுத்துவோம். அருளானந்தரைப் பற்றிச் சொல்ல ஓரியூர் இருக்கிறது. முனிவரைப் பற்றிச் சொல்ல ஏலாக்குறிச்சி இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று நேரிலேயே காட்டலாம்.

மூன்றாவது களஞ்சியம் நம் பங்கின் திண்ணைகளில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வாலயத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுள் சிலரே இன்று நம்மோடு இருக்கின்றனர். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படித்த குரல்கள், அம்மானை பாடிய பாட்டிமார், பாஸ்கு நாடகத்தில் வேடம் கட்டியவர்கள் என ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அவர்களோடு கதையும் கல்லறைக்குப் போகிறது. கடல் கடந்து வந்த ஓர் இத்தாலியர் நம் பாட்டிமாரின் குதிரை முட்டைக் கதையைக் கேட்டு எழுதிவைத்தார். நம் பாட்டிமாரிடம் கேட்டு எழுத நமக்கு நேரமில்லையா?

பொன்விழாவை முன்னிட்டு நம் பங்கு இளைஞர்கள் ஒரு முயற்சியை மேற்கொள்ள வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வோர் அன்பியத்திலும் மூத்தோர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். யார் சொன்னது, எப்போது நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அழகு சேர்க்க வேண்டாம். வருகிற மார்ச் மாதம் 19-ஆம் நாள், நம் பாதுகாவலரின் திருநாளன்று, அந்த நோட்டுப் புத்தகங்களைப் பீடத்தில் காணிக்கையாக வைப்போம். பேசாத புனிதருக்கு ஒரு மாமுனிவர் வாடாத மாலை சூட்டினார். அம்மாலையில் நாமும் நம் ஊர்ப் பூக்களைத் தொடுத்துச் சேர்ப்போம். புனித சூசையப்பர் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் துணை நிற்பாராக.